உடன்பயில்வோர் கருத்துரை: இயங்கலைக் கல்வியில் ஐந்து முறைகள்

நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படித்த ஆசிரியர் ஒவ்வொருவரும் பவணந்தியார் கூறும் ஒரு கணக்கை அறிவர். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளால் எழுந்த நூல் கூறும் கணக்கு இது. பயிற்சிக் காலத்தில் இந்நூற்பாவை மனனம் செய்து தேர்வில் எழுதிய நாம், வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதனை மறந்துவிடுகிறோம். பேசுகிறவர் ஆசிரியர், திருத்துகிறவரும் ஆசிரியர். முதற் காற்பங்கைக் கொண்டே பள்ளியை நடத்தி வருகிறோம்.

இக்காலத்தே கல்வியின் ஒரு பகுதி இயங்கலைக்கு வந்துவிட்டது. இயங்கலை வகுப்புகளில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் கருத்துக் கூறும் வழக்கம் பெருகியிருக்கிறது. அதனை உடன்பயில்வோர் கருத்துரை என்று அழைப்போம். அதனை நடத்தும் முறை ஒன்றன்று, பல. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வாறு நடைபெறுகிறது, யாருக்குப் பயன் தருகிறது, தமிழாசிரியராகிய நமக்கு எது பொருந்தும் என்பவற்றை ஆராய்வோம்.

பழைய வேர்

இக்கருத்து கணினியோடு பிறந்ததன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோரின் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், படைவீரர்தம் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியின் ஆசிரியர்கள் ஏற்கத் தயங்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு இளையோர்க்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் இதனைப் பற்றி அவர் எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இத்தகைய முறையை இங்கிலாந்தில் பரப்பினார். ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்ற இது பல நாடுகளுக்குச் சென்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பொருளுதவியால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

பரவிய இம்முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தில் செல்வாக்கிழந்தது. காரணம் நாம் கருதத்தக்கது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பயிற்றலாம் என்ற செலவுக் குறைவே அதனைப் பரப்பியது. மூத்த மாணவன் ஒப்பிக்கக் கேட்டான். பிழை வந்தால் சுட்டினான். ஏன் பிழை என்று விளக்கும் கடமை பெரும்பாலும் அவனுக்கு இல்லை. பிழையைச் சுட்டுவது வேறு; ஏன் பிழை என்று உரைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே இன்றைய முறைகளையும் நோக்குதல் வேண்டும்.

தோட்டப் பள்ளிக்கு இது ஏன் தேவை?

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த ஓராசிரியர் பள்ளிகள் பல இருந்தன. அங்கே பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது முறையன்று, தேவை.

அத்தேவை முற்றும் நீங்கிவிடவில்லை. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வித்துறை வகைப்படுத்துகிறது. ஜொகூரின் உட்பகுதிகளில் உள்ள நம் தோட்டப் பள்ளிகள் பல இவ்வகையைச் சார்ந்தவை. இத்தகைய பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. 1988 முதல் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியர்மேல் மிகுந்து விழுந்தது. ஒரு பிள்ளையின் கட்டுரை நான்காம் அடைவுநிலையா ஐந்தாம் அடைவுநிலையா என்று ஐயம் எழுந்தால், அண்டை வகுப்பில் கேட்பதற்கு ஆளில்லை. நகரப் பள்ளி ஆசிரியர்க்கு உடன்பயில்வோர் கருத்துரை கூடுதலான நன்மை. நமக்கோ அது தனிமைக்கு மருந்து.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டில், சிறு பள்ளிகளில் பணியாற்றும் இளம் தமிழாசிரியர் பன்னிருவர்க்குக் கட்டுரை கற்பிக்கும் பயிற்சியொன்றை இயங்கலையில் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாரம் ஒரு கட்டுரை எழுதிப் புலனக் குழுவில் இட வேண்டும். மற்றவர் கருத்துக் கூற வேண்டும். இதுவே நான் வகுத்த திட்டம். நிகழ்ந்தது என்ன? ‘அருமை’, ‘வாழ்த்துகள்’, கூப்பிய கைகள், மலர்க்கொத்துகள். மூன்றாம் வாரம், மூத்தவர் ஒருவர் ஓர் இளம் ஆசிரியையின் கட்டுரைக்குக் கீழே, நடை செம்மையாக இல்லை, மீண்டும் எழுதலாம் என்று எழுதினார். குழுவை நடத்திய நானும் அதற்கு ஆமோதிப்புக் குறியிட்டேன். அதன்பின் அவ்வாசிரியை எழுதவே இல்லை. இரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் சொன்னார்: “ஐயா, குறை சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. எதைத் திருத்துவது என்றுதான் தெரியவில்லை.”

அன்று எனக்கு உறைத்தது ஒன்று. பாராட்டிய பதினொருவரும் அவருக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. குறை கூறியவரும் கற்பிக்கவில்லை. அதனினும் பெரிய இழப்பு, எங்களில் எவரும் அவர் கட்டுரையிலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்பது. முறையின்றிக் கருத்துக் கேட்டது என் பிழை. அதன் பின்னரே பிறர் எவ்வாறு செய்கின்றனர் என்று தேடிப் படிக்கலானேன்.

ஐந்து முறைகள்

முதலாவது, திறந்த குழுமுறை. மேலே நான் கூறியது இதுவே. எல்லாரும் எல்லார் எழுத்தையும் காண்பர். பெயரோடு கருத்துக் கூறுவர். செலவில்லை, கைப்பேசி ஒன்றே போதும். ஆயின் ஊரறியக் கூறுவதால் உள்ளது உரைக்க நா எழுவதில்லை. மூத்தவர் எழுத்தில் இளையவர் குறை காண்பது மரியாதையன்று என்னும் நம் வழக்கமும் தடையாக நிற்கும். பழகுவதற்கு இது நல்லது, திருத்துவதற்குப் போதாது.

இரண்டாவது, அளவுகோல் கொண்டு மதிப்பெண் இடும் முறை. பல்லாயிரவர் ஒரே பாடத்தைப் பயிலும் பேரியங்கலை வகுப்புகளில் இது பெருவழக்கு. 2012-இல் தொடங்கிய கோர்ஸெரா நிறுவனத்தின் தளத்தில், ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிளெம்மர் மனிதர்–கணினி ஊடாட்டம் பற்றிய பாடத்தை இவ்வாறு நடத்தினார். மாணவர் முதலில் ஆசிரியர் ஏற்கெனவே மதிப்பிட்ட ஒரு படைப்பை மதிப்பிட்டுப் பழகினர்; பின் பிறர் படைப்புகளையும், இறுதியில் தம் படைப்பையும் மதிப்பிட்டனர். 2013-இல் வெளியான அவர்தம் ஆய்வின்படி, பாடத்தை இரண்டாம் முறை நடத்தியபோது 42.9 விழுக்காட்டு மாணவரின் மதிப்பெண் ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணுக்கு 5 விழுக்காட்டு எல்லைக்குள்ளும், 65.5 விழுக்காட்டினரின் மதிப்பெண் 10 விழுக்காட்டு எல்லைக்குள்ளும் அமைந்தது. மாணவர் தமக்குத் தாமே இட்ட மதிப்பெண் சராசரியாக ஆசிரியர் இட்டதைவிட 7 விழுக்காடு கூடுதல். தம் நாட்டவர்க்குப் பிறநாட்டவரைவிட 3.6 விழுக்காடு கூட்டி இட்டனர் என்பதும் தெரிந்தது. இனப்பற்று எங்கும் உள்ளது போலும்! ஆசிரியர் ஒருவர் ஆயிரவரை மதிப்பிட இயலாத இடத்தில் இம்முறை வேறு வழியில்லாத உதவி. ஆனால், மதிப்பெண் பெற்றவன் எதைத் திருத்துவது என்று அறிய, எண்ணோடு சொல்லும் வேண்டும்.

மூன்றாவது, முன்பயிற்சி முறை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 1990-களில், வேதியியல் பேராசிரியர் ஆர்வில் சாப்மன் முதலியோர் இதனை வகுத்தனர். மாணவர் தம் கட்டுரையை எழுதி முடித்தபின், ஆசிரியர் ஆக்கி வைத்த மூன்று மாதிரிக் கட்டுரைகளை, தரத்தில் வேறுபட்டவற்றை, வினாப்பட்டியல் கொண்டு மதிப்பிடுவர். அவர்தம் தீர்ப்பு ஆசிரியர் தீர்ப்போடு ஒத்துவராவிடின் மீண்டும் பயில வேண்டும். அதன் பின்னரே உடன்பயில்வோர் மூவர் கட்டுரைகள் அவர்க்குத் தரப்படும். இறுதியாகத் தம் கட்டுரையைத் தாமே மதிப்பிடுவர். முதலில் கண்ணைப் பழக்கிவிட்டுப் பின்னர்க் கருத்தைக் கேட்பது இதன் சிறப்பு. மாதிரிகளை ஆக்கும் உழைப்பு ஆசிரியரைச் சார்ந்தது. அதுவே இதன் சுமை.

நான்காவது, மதிப்பிடுவோரையும் மதிப்பிடும் முறை. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002-இல் முதற் பதிப்பாக வெளியிட்ட மூடில் என்னும் கல்விமென்பொருளில் ‘பட்டறை’ என்னும் பகுதி உண்டு. அதில் மாணவர்க்கு இரண்டு மதிப்பெண்: தாம் எழுதியதற்கு ஒன்று, பிறர் எழுத்தை மதிப்பிட்டதற்கு ஒன்று. மதிப்பிடுதலும் படிப்பே என்பதை மதிப்பெண்ணாலேயே உணர்த்துவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குறை உண்டு. அதே கட்டுரையைப் பார்த்த மற்றவர்தம் மதிப்பீட்டோடு ஒருவர் மதிப்பீடு எவ்வளவு ஒத்துள்ளது என்பதைக் கொண்டே இரண்டாம் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. மூவர் தவறி ஒருவர் மட்டும் சரியாகக் கண்டால், அவ்வொருவர்க்கே குறையும். ஆசிரியர் இடைபுகுந்து சரிபார்த்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, இணை ஒப்பீட்டு முறை. உளநூலறிஞர் எல். எல். தர்ஸ்டன் 1927-இல் வெளியிட்ட ஒரு கோட்பாடு இதற்கு அடிப்படை. ஒரு பொருளுக்குத் தனியே அளவு கூறுவதினும், இரு பொருளை அருகருகே வைத்து எது மேல் என்று கூறுதல் மனிதர்க்கு எளிது. திரையில் இரண்டு கட்டுரைகள் வரும். எது சிறந்தது என்று தெரிவு செய்தால் போதும். பலர் பலமுறை தெரிவு செய்தவற்றைக் கணினி தொகுத்துத் தரவரிசை ஆக்கும். இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் எழுத்தை ஆசிரியர்கள் இவ்வாறு மதிப்பிடுவது உண்டு. நான்கா, ஐந்தா என்று தடுமாறும் ஆசிரியர்க்கு இது பெருந்துணை. ஆயினும் இது மட்டும் இருந்தால், எழுதியவர் கையில் ஒரு சொல்லும் கிட்டாது. ‘ஏன் இது மேல்?’ என்ற வினாவையும் சேர்த்தல் வேண்டும்.

எதனை அளவாகக் கொள்வது?

இவ்வைந்தையும் எடைபோடுவோர் பெரும்பாலும் ஒரே அளவையைக் கையாள்கின்றனர்: மாணவர் இட்ட மதிப்பெண் ஆசிரியர் இடும் மதிப்பெண்ணோடு ஒத்துள்ளதா என்பதே அது. தேர்வு நடத்துவோர்க்கு அவ்வளவை தகும். கற்பிப்போர்க்கு அது போதாது. நாம் கேட்க வேண்டிய வினா வேறு: இம்முறையால் கருத்துக் கூறியவர் என்ன கற்றார்?

இவ்வினாவை ஆராய்ந்தோர் உளர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் 91 மாணவரை, ஒன்பது எழுத்து வகுப்புகளில், கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரம், வெண்டி பேக்கர் என்னும் இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். ஒரு சாரார் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்துக் கூற மட்டும் பயின்றனர்; மறுசாரார் வந்த கருத்தைக் கொண்டு கட்டுரையைத் திருத்த மட்டும் பயின்றனர். பருவ முடிவில் தம் சொந்த எழுத்தில் மிகுதியும் முன்னேறியவர் கருத்துக் கூறியவரே. அவருள்ளும் தொடக்க நிலையில் இருந்தோர் பெற்ற பயன் பெரிது.

பெறுவோனினும் தருவோனுக்கு மிகுதி என்னும் இம்முடிவைக் கேட்டுத் தமிழாசிரியர் வியக்க வேண்டியதில்லை. உடன்பயில்வோரிடம் கிடைப்பது காற்பங்கு, பிறர்க்கு உரைப்பதால் வருவது அரைப்பங்கு என்று பவணந்தியார் வகுத்த விகிதமும் இத்திசையையே காட்டுகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மாணவன் ஒருவன் ‘பாட்டியை கண்டேன்’ என்று எழுதியிருக்கிறான் என்க. முதல் தோழன் ‘சந்திப் பிழை’ என்று எழுதுகிறான். இரண்டாமவன் ‘க்’ என்னும் எழுத்தைச் சேர்த்துவிடுகிறான். மூன்றாமவன், இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்கும்போது வரும் வல்லினம் மிகும், ஆதலால் ‘பாட்டியைக் கண்டேன்’ என வரல் வேண்டும் என்று எழுதுகிறான். எழுதியவனுக்கு மூவராலும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் முதல் இருவரும் தாம் முன்பே அறிந்ததற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கவில்லை. மூன்றாமவன் காரணம் தேடினான்; இலக்கண நூலைப் புரட்டினான்; தன் சொல்லில் அமைத்தான். இனி அவன் கட்டுரையில் அப்பிழை வருவது அரிது. எந்த முறை எல்லாரையும் மூன்றாமவனாக ஆக்குகிறதோ, அதுவே நல்ல முறை.

நாங்கள் வகுத்துக்கொண்ட வழி

இத்தெளிவு பெற்றபின் எங்கள் குழுவை மாற்றி அமைத்தோம். பன்னிருவரை மூவர் மூவராகப் பிரித்தோம். ஒரே பள்ளியைச் சார்ந்தவர் ஒரே பிரிவில் இராமல் பார்த்துக்கொண்டோம். கட்டுரை எழுதுமுன், தரத்தில் வேறுபட்ட மூன்று மாதிரிகளை எல்லாரும் படித்து, எது மேல், ஏன் மேல் என்று எழுதினோம். இது மூன்றாம் முறையிலிருந்தும் ஐந்தாம் முறையிலிருந்தும் எடுத்துக்கொண்டது. மதிப்பெண்ணை அறவே நீக்கினோம்.

பின்னர்க் கருத்துரைக்கு மூன்று வாக்கிய வரம்பு இட்டோம். முதல் வாக்கியம், கட்டுரையில் செவ்வையாக அமைந்த ஓரிடத்தைச் சுட்டி, அது ஏன் செவ்விது என்று கூற வேண்டும். இரண்டாவது, ஐயத்திற்குரிய ஓரிடத்தைக் காட்டி வினாவாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, தாம் எழுதினால் அவ்விடத்தை எவ்வாறு அமைப்பார் என்று எழுதிக் காட்ட வேண்டும். கட்டுரையாளர் அவ்வினாவுக்கு விடை கூறியபின்னரே திருத்தத் தொடங்க வேண்டும். ஏற்காவிடின் காரணம் கூற வேண்டும்.

வினாவாகக் கேட்க வேண்டும் என்று விதித்ததற்குக் காரணம் உண்டு. பெயரை மறைத்தால் துணிந்து கூறுவர் என்பது பலர் கருத்து. பெரிய வகுப்பில் அது உண்மையாகலாம். மூவர் உள்ள பிரிவில் பெயரை மறைத்துப் பயனில்லை. நடையைக் கொண்டே ஆளை அறிந்துகொள்வர். ஆனால் மூத்தவரிடம் குறை கூறக் கூசும் இளையவர், வினாக் கேட்கக் கூசுவதில்லை. நம் மரபும் அதற்கு இடந்தருகிறது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமற ஆராய்ந்து உரைக்கப்பட்டது என்று கூறுகிறது. உரையாசிரியர்களும் தடையை எழுப்பி விடை கூறியே பொருளை நிறுவினர். தடை எழுப்பியவரைப் பகைவர் என எவரும் கருதவில்லை. அரங்கேற்றம் என்பது கைதட்டுவதற்கு மட்டும் கூடிய கூட்டமன்று.

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூற மாட்டேன். இணையத் தொடர்பு நலிந்த தோட்டத்தில் இருந்தோர்க்குக் காணொலி வகுப்பு வாய்க்கவில்லை. அவர்கள் குரற்பதிவாகவே கருத்துக் கூறினர். ஒரு கட்டுரைக்கு மூன்று வாக்கியம் எழுத அரைமணி நேரம் ஆகிறது என்று முறையிட்டோரும் உண்டு. அந்த அரைமணி நேரமே பயிற்சி என்று நான் விடை கூறினேன். எல்லாரும் அதனை ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. இருவர் இடையிலேயே விலகினர். எழுதுவதை நிறுத்திய அந்த ஆசிரியை மட்டும் திரும்பி வந்தார். பருவ முடிவில் எங்கள் குழுவிலேயே கூர்மையான வினாக்களைக் கேட்டவர் அவரே. என் மாதிரிக் கட்டுரையிலும் ஓரிடத்தைக் காட்டி, “ஐயா, இங்கே எழுவாய் எது?” என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், எழுவாய் இல்லை. திருத்திக்கொண்டேன்.

இம்முறையை மாணவரிடமும் கையாளலாம். ஆறாம் ஆண்டில் நான்கே பிள்ளைகள் உள்ள பள்ளியில், ஒருவர் எழுத்தை மற்றவர் முன்பே அறிவர். இரு தோட்டப் பள்ளிகள் இணைந்து, கட்டுரைகளைப் படமெடுத்து மாற்றிக்கொண்டால் புதிய வாசகர் கிடைப்பர். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வாக்கியம் மிகை. பிடித்த ஓரிடம், கேட்க விரும்பும் ஒரு வினா, இவ்விரண்டு போதும். இதற்குப் புதிய மென்பொருளோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. இரண்டு ஆசிரியர் மனம் ஒத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

முடிவாக ஒன்று. கருவி எதுவாயினும் ஆகுக. புலனமோ மூடிலோ வெறுந்தாளோ, மூன்று வினாக்களை முதலில் கேட்டுக்கொள்க. கருத்துக் கூறுவோரின் கண்ணை முன்னரே பழக்கினோமா? அவர் எண் மட்டும் இடாமல் காரணமும் கூறுமாறு செய்தோமா? எழுதியவர் விடை கூற இடம் வைத்தோமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், தனித்திருக்கும் தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கும் உடன்பயில்வோர் உண்டு. முதற் காற்பங்கோடு நின்றுவிட்ட கல்வி மற்றைய முக்காற்பங்கையும் நோக்கி நடக்கத் தொடங்கும்.